டூம் வரிசையில் எது உயர்ந்தது? ரசிகர்கள் ஓயாமல் மோதும் கேள்விகளும் என் பதில்களும்

அரக்கர்களைச் சுட்டு வீழ்த்தும் டூம் வீடியோ ஆட்டங்களில் எது சிறந்தது, எது அந்தப் பெயருக்கே பொருந்தாதது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாதம் நடக்கிறது. அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். நடுநிலை காக்க முயலவில்லை. எனக்கு ஒரு தரப்பு உண்டு. அது போகப் போகத் தெரியும்.

இந்த வரிசையில் எவையெல்லாம் சேரும்?

முதல் டூம் 1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் மெஸ்கீட் நகரில் இயங்கிய ஐடி சாஃப்ட்வேர் என்ற சின்னக் குழு அதைச் செய்தது. அடுத்த ஆண்டே டூம் 2. 1996-ல் ஃபைனல் டூம். 1997-ல் நின்டெண்டோ 64 கருவிக்காக மிட்வே செய்த டூம் 64. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. 2004-ல் டூம் 3. மறுபடி இடைவெளி, 2016-ல் வெறும் ‘டூம்’ என்ற பெயரிலேயே ஒன்று. 2020-ல் டூம் எட்டர்னல், 2025-ல் டூம்: த டார்க் ஏஜஸ். மொபைல் ஆட்டங்களையும் திரைப்படங்களையும் இங்கே தொடவில்லை.

ரசிகர்கள் உண்மையில் எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்?

‘எது பெஸ்ட்’ என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் ‘எது டூம்’ என்ற இடத்துக்கு வந்துவிடும். ஒருவருக்கு டூம் என்றால் வேகம். இன்னொருவருக்கு இருட்டும் பயமும். வேறொருவருக்கு மெட்டல் இசையோடு அரக்கர்களைக் கிழித்தெறிவது. இவர்கள் மூவரும் ஒரே பெயரைச் சொல்லி மூன்று வெவ்வேறு ஆட்டங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அறைக்குள் நுழைகிறேன். உள்ளே எந்த அரக்கர்கள், எங்கே நிற்கிறார்கள், தரை எங்கே உயர்கிறது, என்னிடம் எவ்வளவு தோட்டா மிச்சம் என்பதெல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு சிக்கலை வைக்கின்றன. அதை என் வழியில் அவிழ்க்க எனக்கு இடம் இருக்க வேண்டும். இருந்தால் அது நல்ல டூம். இசை, ரத்தம், கிராபிக்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

1993 ஆட்டத்தை இன்றும் புகழ்வது வெறும் பழைய நினைவா?

இல்லை. டூம் வந்தபோது பிறக்காதவர்கள்கூட இன்று அதற்குப் புது லெவல்கள் செய்கிறார்கள். நினைவு மட்டும் காரணம் என்றால் அது அந்தத் தலைமுறையோடு நின்றிருக்கும்.

காரணம் ஆட்டத்தின் விதிகளுக்குள் இருக்கிறது. இம்ப் என்ற அரக்கன் வீசும் தீப்பந்து கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் வருகிறது. பக்கவாட்டில் நகர்ந்தால் தப்பிக்கலாம். நம் ஆளோ அசுர வேகத்தில் ஓடுகிறான். ஆகவே இங்கே தற்காப்பு என்பதே கால்தான். சுவருக்குப் பின்னால் ஒளிந்து ஹெல்த் (உயிர் அளவு) ஏறும்வரை காத்திருக்க முடியாது, அது தானாக ஏறாது. பிங்கி கடிக்க ஓடி வரும், இம்ப் தூரத்திலிருந்து எறியும், துப்பாக்கி வைத்திருக்கும் ஜோம்பி பார்த்த உடனேயே சுடும். இந்த மூன்றையும் ஒரே அறையில் வைத்தால் எதை முதலில் சாய்ப்பது என்ற கேள்வி வந்துவிடுகிறது. பத்து வெவ்வேறு அறைகளில் அதற்குப் பத்து வெவ்வேறு பதில்.

அரக்கர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போடுவதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜோம்பி சுட்ட குண்டு தவறிப்போய் இம்ப் மேல் பட்டால் இம்ப் அவனைத் திரும்பத் தாக்கும். தோட்டா குறைவாக இருக்கிறபோது இரண்டு கூட்டத்துக்கு நடுவே ஓடி, அவர்களையே மோதவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். இதை யாரும் பாடம் எடுத்துச் சொல்வதில்லை. ஆடிக்கொண்டே இருந்தால் ஒருநாள் தானாகப் பிடிபடும். அந்தக் கணத்துக்காகவே நான் யாரைக் கண்டாலும் இந்த ஆட்டத்தைச் சிபாரிசு செய்கிறேன்.

முதல் அத்தியாயத்தை மட்டும் ஏன் தனியாகத் தூக்கிப் பேசுகிறார்கள்?

முதல் டூமில் மூன்று அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஒன்பது மேப் (அதாவது லெவல்), மொத்தம் 27. முதல் அத்தியாயத்தை இலவசமாகக் கொடுத்தார்கள், பிடித்தால் மற்றதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அதனால் மிக அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். ஆனால் புகழுக்கு அது மட்டும் காரணமில்லை. அதன் பெரும்பாலான மேப்களைச் செய்தவர் ஐடி குழுவின் ஜான் ரொமேரோ. அவர் தனக்கென்று சில விதிகள் வைத்திருந்தார்: வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருட்டு, குறுகலுக்குப் பக்கத்தில் அகலம், தரையின் தோற்றம் மாறினால் உயரமும் மாற வேண்டும், ஜன்னல் வழியாக வெளியே தெரிகிற இடத்துக்குப் பிறகு போய்ச் சேர முடிய வேண்டும், நடந்த இடத்துக்கே புதுப் பாதையில் திரும்பி வர வேண்டும். முதல் மேப்பான ஹேங்கரிலேயே இதெல்லாம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நீல நிறக் கவசம் ஒன்று பளபளக்கும். போவதற்கு வழி தெரியாது. தேடிக் கண்டுபிடித்தால் ஆட்டம் உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது, மூன்றாவது அத்தியாயங்களில் பெரும்பகுதி சாண்டி பீட்டர்சன் கைவண்ணம். டாம் ஹால் 1993 ஆகஸ்ட் வாக்கில் குழுவை விட்டு விலகிவிட, அவர் பாதியில் விட்டுப்போன சில மேப்களையும் எடுத்துக்கொண்டு, சில வார அவசரத்தில் பீட்டர்சன் முடித்துக்கொடுத்தார். பார்வைக்கு அவை கரடுமுரடு. யோசனைகளோ தைரியமானவை. ரொமேரோவை உயர்த்துவதற்காக இவரைத் தாழ்த்திப் பேசுவது வழக்கமாகிவிட்டது, அதில் எனக்கு உடன்பாடில்லை.

அது உண்மையான 3டியே இல்லை என்று சொல்கிறார்களே?

சரிதான். ஐடியின் நிரலாளர் ஜான் கார்மாக் எழுதிய எஞ்சினில் (ஆட்டத்தை இயக்கும் நிரலில்) மேப் என்பது மேலிருந்து பார்க்கும் ஒரு தட்டையான வரைபடம். அதன் ஒவ்வொரு பகுதிக்கும் தரை உயரம் ஒன்று, கூரை உயரம் ஒன்று, வெளிச்ச அளவு ஒன்று. ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வைக்க முடியாது. அரக்கர்கள் எல்லாம் தட்டைப் படங்கள். பைனரி ஸ்பேஸ் பார்ட்டிஷனிங் என்ற முறையில் மேப்பை முன்கூட்டியே துண்டு துண்டாகப் பிரித்து வைத்துவிட்டதால், எந்தச் சுவர் முன்னால், எது பின்னால் என்பதை அந்தக் காலத்துக் கணினியாலும் சட்டென்று கணக்கிட முடிந்தது.

இதைக் குறையாகச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். மேப் தட்டையாக இருந்ததால்தான் ஒரு பள்ளிச் சிறுவன்கூட எடிட்டரில் கோடு வரைந்து ஒரே மாலையில் அறை கட்ட முடிந்தது. மூன்று தசாப்தமாக மேப்கள் வந்துகொண்டே இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

முதல் டூமா, டூம் 2-வா?

ரசிகர்களுக்குள் மிகப் பழைய சண்டை இதுதான். என் ஓட்டு டூம் 2-க்கு. ஆனால் காரணத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

மேப்களை மட்டும் வைத்துப் பார்த்தால் முதல் டூம் ஜெயிக்கும். டூம் 2-ல் 32 மேப் இருக்கின்றன, அத்தியாயப் பிரிவு கிடையாது. ‘பூமியில் நரகம்’ என்று சொல்லிவிட்டு நகரம் என்று காட்டுவது பெரிய பெட்டிகள் மாதிரியான கட்டடங்களை. டவுன்டவுன் மேப்பில் எங்கே போவது என்று தெரியாமல் சலித்துப்போனவர்கள் ஏராளம். த கேஸ்ம் என்ற மேப்பில் ஒற்றையடிப் பாதைகளில் நடந்து கீழே விழுந்து எழுவதை ரசித்துச் சொன்ன யாரையும் நான் சந்தித்ததில்லை. கடைசி மேப்பான ஐகான் ஆஃப் சின்னும் நல்ல முடிவு என்று சொல்ல மாட்டேன். சுவரில் ஒரு பெரிய ஆட்டுத்தலை, அதன் மூளைக்குள் ராக்கெட் விட வேண்டும், அதற்குள் அரக்கர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். (உள்ளே இலக்காக ஒளித்து வைத்திருப்பது ரொமேரோவின் தலை. குழுவினர் அவருக்குச் செய்த வேடிக்கை அது.)

ஆனால் புதிதாக வந்த அரக்கர்களைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் பெரிய அரக்கன் என்றால் பேரன் ஆஃப் ஹெல். ஆயிரம் புள்ளி உயிர் இருக்கும், மெதுவாக நடந்து வந்து நேராக எறிவான். பக்கவாட்டில் நடந்துகொண்டே சுட்டால் போதும், பொறுமைதான் தேவை. டூம் 2 அவனுக்குப் பாதி உயிரோடு ஹெல் நைட்டைக் கொண்டுவந்தது. அந்த ஒரு மாற்றத்திலேயே சலிப்பு பாதி போய்விட்டது. ரெவனன்ட் விடும் ஏவுகணைகளில் சில துரத்திக்கொண்டு வரும். நேராக ஓடினால் முதுகில் விழும், தூணைச் சுற்றினால் தூணில் மோதும். பெயின் எலிமெண்டலை விட்டுவைத்தால் அறை முழுக்க லாஸ்ட் சோல் என்ற பறக்கும் மண்டையோடுகளைத் துப்பிவிடும், ஆகவே ஓடிப்போய் அதன் முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மான்குபஸ் அகலமாகச் சுடுவதால் வழக்கமான பக்கவாட்டு நகர்வே அங்கே ஆபத்து. செயின்கன்னர் தூரத்து ஜன்னலில் நின்றால் அந்த மைதானமே அவன் கையில்.

இவர்களுக்கெல்லாம் மேலே ஆர்ச்-வைல். நம்மைப் பார்த்துக்கொண்டே கையை உயர்த்துவான், நம்மைச் சுற்றி நெருப்பு எழும். அவன் பார்வையிலிருந்து மறைந்தால் ஒன்றும் ஆகாது, மறையாவிட்டால் உடம்பு தூக்கி எறியப்படும். அதற்கு நடுவே நாம் கொன்று போட்டவர்களை எழுப்பிவிடுகிறான். ஒரே ஒரு அரக்கன் வந்து நிற்பதால் அறையில் இருக்கிற ஒவ்வொரு தூணுக்கும், தரையில் கிடக்கிற ஒவ்வொரு பிணத்துக்கும் அர்த்தம் மாறிவிடுகிறது. சுடும் ஆட்டங்களான ஷூட்டர்களின் வரலாற்றில் இதைவிடச் சிறந்த எதிரியை நான் பார்க்கவில்லை.

இதற்கு ஈடாக நம் கையில் கொடுத்த ஒரே புது ஆயுதம் சூப்பர் ஷாட்கன். சாதா ஷாட்கன் ஒரு தோட்டாவுக்கு 7 ரவை சிதறும், இது இரண்டு தோட்டாவுக்கு 20. கிட்டே போனால் கணக்கு லாபம். தூரத்தில் ரவை பரவி வீணாகும், மீண்டும் நிரப்ப நேரமும் எடுக்கும். இவ்வளவு எளிய விதியில் எப்போது நெருங்குவது, எப்போது விலகுவது என்ற தாளம் முழுக்க வந்துவிட்டது.

ஆகவே டூம் 2-ன் மேப்களை விட அதன் எதிரிகளும் ஆயுதமும் பெரியவை. அதற்குப் பிறகு ரசிகர்கள் செய்த மேப்களில் பெரும்பங்கு டூம் 2-ஐ அடித்தளமாக வைத்து வந்தவை. மேப் செய்கிறவர்கள் கையால் போட்ட ஓட்டு அது.

ஃபைனல் டூம் தேவையா?

இரண்டு தனித்தனி 32 மேப் தொகுப்புகள். எவில்யூஷன் என்ற தொகுப்பை டீம்டிஎன்டி என்ற ரசிகர் குழு இலவசமாக வெளியிட இருந்தது, கடைசி நேரத்தில் ஐடி வாங்கிக்கொண்டது. அதில் சில மேப்கள் நீளமாக இழுக்கும். புளூடோனியாவைச் செய்தவர்கள் டாரியோ, மைலோ கசாலி சகோதரர்கள். சின்ன மேப், கடும் சண்டை. ரெவனன்ட், செயின்கன்னர், ஆர்ச்-வைல் மூவரையும் எப்படி வைக்க வேண்டும் என்று ஐடிக்கே காட்டிய தொகுப்பு. டூம் 2 முடித்த பிறகு ஆடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

டூம் 64 ஏன் இவ்வளவு காலம் கவனிக்கப்படாமல் இருந்தது?

அதிகாரபூர்வமாக நின்டெண்டோ 64 இருந்தால்தான் ஆட முடியும் என்ற நிலை 2020 வரை இருந்தது. பெயரைப் பார்த்துப் பலர் பழைய ஆட்டத்தின் நகல் என்று நினைத்துவிட்டார்கள். எல்லா மேப்பும் புதிது, அரக்கர்களின் உருவமும் புதிது. வண்ண விளக்குகள், ஆப்ரே ஹாட்ஜஸ் செய்த பாட்டே இல்லாத அமானுஷ்ய ஒலிகள். பயம் வேண்டும் என்பவர்கள் டூம் 3-ஐத் தேடிப் போவதற்கு முன் இதை ஆடிப் பார்க்க வேண்டும். வேகத்தையும் பழைய சண்டை விதிகளையும் விடாமலேயே பயமுறுத்த முடியும் என்று 1997-லேயே காட்டிவிட்டது. 2020-ல் நைட்டைவ் ஸ்டுடியோஸ் கணினிக்கும் மற்ற கருவிகளுக்கும் கொண்டுவந்தபோது சில புது மேப்களும் சேர்ந்தன.

டூம் 3 மோசமான ஆட்டமா?

மோசமில்லை. செவ்வாய் கிரகத்து ஆய்வுக்கூடம், அணைந்து அணைந்து எரியும் விளக்கு, குழாய்க்குள் ஏதோ ஊரும் சத்தம். 2004-ல் அந்த எஞ்சின் காட்டிய நிழல்கள் யாரும் பார்த்திராதவை. ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அந்தந்த நொடியில் நிழல் விழவைத்தது. கார்மாக்கின் திறமைக்கு அது பெரிய சாட்சி.

ஆனால் அந்த நிழலுக்குக் கொடுத்த விலை அதிகம். கணினி தாங்க வேண்டுமே என்று ஒரே நேரத்தில் சில அரக்கர்கள்தான் வருவார்கள். இடமெல்லாம் குறுகலான நடைவழி. கதவைத் திறந்தால் ஒருவன், ஆயுதத்தைப் பொறுக்கினால் பின்சுவர் திறந்து இன்னொருவன். இரண்டு மணி நேரத்தில் இந்த உத்தி பழகிவிடும். நான் சொன்ன அளவுகோலில் பார்த்தால், அறை ஒரு சிக்கலை வைப்பதில்லை, திடுக்கிட மட்டும் வைக்கிறது.

டார்ச் சண்டை தனி. மூல ஆட்டத்தில் டார்ச் பிடித்தால் துப்பாக்கி பிடிக்க முடியாது. பார்க்கவா சுடவா என்று நம்மையே தேர்ந்தெடுக்கச் சொன்ன விதி. வெளியான கையோடு ரசிகர்கள் துப்பாக்கியிலேயே டார்ச்சை ஒட்டி வைக்கும் மோட் (ரசிகர்கள் ஆட்டத்தில் செய்யும் மாற்றம்) செய்தார்கள். 2012-ல் வந்த பிஎஃப்ஜி எடிஷன் என்ற மறுவெளியீட்டில் ஐடியே டார்ச்சைக் கவசத்தில் மாட்டிவிட்டது. என் பார்வையில் பழைய விதிதான் சரி. அந்த ஆட்டத்தில் நம்மை உண்மையிலேயே யோசிக்க வைத்த முடிவு அது ஒன்றுதான், அதையும் எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?

2016 டூமை ஏன் எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள்?

அதற்கு முன் டூம் 4 என்று ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். அன்றைய ராணுவ ஷூட்டர்களைப் போலவே இருக்கிறது என்று ஐடியே அதைத் தூக்கிப்போட்டுவிட்டது. பிறகு ஹ்யூகோ மார்ட்டின், மார்ட்டி ஸ்ட்ராட்டன் தலைமையில் புதிதாகத் தொடங்கினார்கள். மற்ற ஷூட்டர்கள் ஹெல்த் குறைந்தால் ஒளிந்துகொள்ளச் சொல்கிற காலத்தில், இது ஹெல்த் வேண்டுமானால் எதிரியிடம் ஓடு என்றது. தள்ளாடும் அரக்கனைக் கையால் முடித்தால் ஹெல்த் சிதறும், செயின்சாவால் அறுத்தால் தோட்டா கொட்டும். 1993-ன் ஆவியைப் புது விதிகளில் பிடித்த யோசனை அது. மிக் கார்டனின் இசைக்கு அந்த ஆண்டு த கேம் அவார்ட்ஸில் விருது கிடைத்தது, முழுத் தகுதி உண்டு.

குறையும் உண்டு. பிற்பாதியில் ஒவ்வொரு சண்டையும் கதவு பூட்டிய ஒரு களம், எல்லாரையும் கொன்றால் கதவு திறக்கும். மேம்படுத்திய சூப்பர் ஷாட்கனும் காஸ் கேனனும் இருந்தால் மற்ற ஆயுதங்களைத் தொடவே வேண்டாம். மல்டிபிளேயர் யாருக்கும் பிடிக்கவில்லை.

அப்படியானால் எட்டர்னல் அதைவிட மேலா, கீழா?

இன்றைய ரசிகர்கள் நேருக்கு நேர் மோதுகிற இடம் இது. எட்டர்னல் பக்கம் நிற்பவர்கள், ஷூட்டர் ஒன்றில் இவ்வளவு ஆழமான சண்டை வந்ததே இல்லை என்பார்கள். எதிர்ப்பக்கம், ‘நான் ஆடவில்லை, ஆட்டம் சொல்வதைச் செய்துகொண்டிருந்தேன்’ என்பார்கள்.

இரண்டுமே அனுபவத்திலிருந்து வருகிற பேச்சு. எட்டர்னலில் தோட்டா வேண்டுமென்றே குறைவு. ஹெல்த்துக்குக் கையால் கொல்ல வேண்டும், தோட்டாவுக்குச் செயின்சா, கவசத்துக்கு நெருப்பு. காக்கோடீமன் வாயில் கிரனேடு எறிந்தால் ஒரே அடியில் தள்ளாடும். மான்குபஸ் கைகளை உடைக்கலாம், அராக்னோட்ரான் முதுகிலுள்ள பீரங்கியைப் பெயர்க்கலாம். ஒவ்வொன்றும் முதல்முறை வரும்போது ஆட்டத்தை நிறுத்தி ஒரு விளக்கப் பெட்டி காட்டுவார்கள். எனக்கு எரிச்சல் வருவது அந்தப் பெட்டிகளால். ஹேங்கரில் ஜன்னலுக்கு வெளியே கவசத்தை வைத்துவிட்டுச் சும்மா இருந்த ரொமேரோவின் நம்பிக்கை இங்கே இல்லை.

ஆனால் அந்தப் பாடங்கள் முடிந்த பிறகு, குறிப்பாகக் கடினமான நிலையில், நான்கைந்து பெரிய அரக்கர்கள் சேர்ந்து வரும்போது, எதை முதலில் முடமாக்குவது, எந்தச் சின்ன ஜோம்பியைத் தோட்டாவுக்காக உயிரோடு விட்டுவைப்பது என்று ஒரு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அது டூம் 2-ல் ஆர்ச்-வைல் வந்து நின்ற அறைக்கு நேரடி வாரிசு. அதனால் சண்டையில் எட்டர்னல், ஆட்டத்தின் ஓட்டத்திலும் சூழலிலும் 2016 என்று பிரித்துச் சொல்வேன். ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்றால் எட்டர்னல்.

மராடர்? கோடரியும் கேடயமும் வைத்திருக்கும் இவன், கண் பச்சையாக மின்னும்போது மட்டும்தான் அடி வாங்குவான். தனியாக வந்தால் ஆட்டத்தின் வேகத்தை அறுத்துவிடுகிறான் என்ற குற்றச்சாட்டு நியாயமானது. மற்ற எல்லா எதிரிக்கும் பல பதில் உண்டு, இவனுக்குக் கிட்டத்தட்ட ஒன்றே ஒன்றுதான். கூட்டத்தோடு வரும்போது மட்டும் சுவையாகிறான், ஏனென்றால் அப்போது அவனை எப்போது கவனிப்பது என்பது நம் முடிவு.

டார்க் ஏஜஸில் வேகத்தைக் குறைத்தது துரோகமா?

கேடயம் கொடுத்து, நின்று மோது என்கிறது. பச்சை நிறத்தில் வரும் தாக்குதலைத் திருப்பியடிக்கலாம். கேடயத்தையே ரம்பம் போல எறியலாம். எட்டர்னலின் துள்ளலைத் தேடி வந்தவர்கள் ஏமாந்தார்கள். ஆனால் வரிசை வரிசையாக வரும் தீப்பந்துகளுக்கு இடையே சந்து கண்டுபிடித்து நடப்பது 1993-ன் விதிக்கு எட்டர்னலைவிட நெருக்கம். அமைப்புகளில் ஆட்டத்தின் வேகம், எதிரி எறிவதின் வேகம், திருப்பியடிக்கக் கிடைக்கும் அவகாசம் எல்லாவற்றையும் தனித்தனியாக மாற்றலாம். எறிவதின் வேகத்தைக் கூட்டி ஆடிப் பாருங்கள், ஆட்டம் நிமிர்ந்து உட்காரும். டிராகன் சவாரியும் ராட்சத ரோபோவும் வரும் பகுதிகளை மட்டும் என்னால் ஆதரிக்க முடியாது. அங்கே யோசிக்க ஒன்றுமே இல்லை.

டூமுக்குக் கதை வேண்டுமா?

டாம் ஹால் முதல் டூமுக்காக ‘டூம் பைபிள்’ என்று நீண்ட கதைக் குறிப்பு எழுதினார். கார்மாக் அதை விரும்பவில்லை, பெரும்பகுதி கைவிடப்பட்டது. அந்த முடிவு சரியென்றுதான் நினைக்கிறேன். 2016 ஆட்டம் இதைப் புரிந்துகொண்டிருந்தது: யாரோ விளக்கம் சொல்லத் தொடங்கும்போது நாயகன் அந்தத் திரையைத் தள்ளிவிடுகிறான். எட்டர்னலும் டார்க் ஏஜஸும் அரசர்கள், தேவர்கள், பல உலகங்கள் என்று விரிந்துபோனதில் எனக்கு ஆர்வமில்லை. விரும்புகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும், ஆனால் சண்டையை நிறுத்திக் காட்டக் கூடாது.

வன்முறையைத் தூண்டும் ஆட்டம் என்ற பேச்சு?

1999 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடத்திய இரண்டு மாணவர்களும் டூம் ஆடியவர்கள், ஒருவன் அதற்கு மேப்களும் செய்திருந்தான். அதன்பின் டூமின் பெயர் பல ஆண்டுகள் அந்தத் துயரத்தோடு சேர்த்தே பேசப்பட்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சில, ஐடி உள்ளிட்ட நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கு 2002-ல் தள்ளுபடியானது. ஜெர்மனியில் 1994 முதல் 2011 வரை டூம் சிறார்களுக்கு விற்கக் கூடாத பட்டியலில் இருந்தது.

ரசிகர்கள் இந்தப் பேச்சு வந்தாலே கோபப்பட்டு முடித்துவிடுகிறார்கள். அந்தக் குடும்பங்களின் கேள்வியை மரியாதையோடு கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதே சமயம், கோடிக்கணக்கானோர் ஆடிய ஓர் ஆட்டம் ஒரு கொலைக்குக் காரணம் என்று சொல்ல அதைவிட வலுவான ஆதாரம் தேவை. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

மோட்களும் ரசிகர் மேப்களும் டூம் கணக்கில் வருமா?

என் கணக்கில் முதலிடத்தில் வரும். ஆட்டத்தின் படம், ஒலி, மேப் எல்லாம் எஞ்சினிலிருந்து பிரிந்து வாட் என்ற கோப்பில் இருக்குமாறு ஆரம்பத்திலேயே அமைத்தார்கள். 1994-லேயே ரசிகர்கள் எடிட்டர் எழுதிவிட்டார்கள். 1997 டிசம்பரில் கார்மாக் ஆட்டத்தின் மூல நிரலையே (சோர்ஸ் கோட்) வெளியிட்டார். 1999-ல் அது, யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. அதன்பின் இந்த ஆட்டத்தை யாராலும் மூடிவிட முடியாது என்றாகிவிட்டது.

ரசிகர் உலகத்தில் ஆண்டுதோறும் காக்கோவார்ட்ஸ் என்ற பெயரில் சிறந்த மேப்களைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டுகிறார்கள். ஸ்கைத், சன்லஸ்ட், எவிட்டர்னிட்டி போன்ற தொகுப்புகளை ஆடிய பிறகு, டூம் 2-ன் அரக்கர்களை ஐடி முழுசாகப் பயன்படுத்தவே இல்லை என்று தெரியும். 2023-ல் வந்த மைஹவுஸ் சாதாரண வீடு ஒன்றில் தொடங்கி, அந்த வீட்டையே நம் கண்முன் நம்ப முடியாததாக மாற்றிக்கொண்டு போகிறது. ரொமேரோவும் சும்மா இல்லை: 2019-ல் சிகில், ஆட்டத்தின் முப்பதாவது பிறந்தநாளில் சிகில் 2.

புரூட்டல் டூம் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ரத்தமும் புது ஆயுதங்களும் சேர்த்த மோட். பலரைப் பழைய டூமுக்கு இழுத்து வந்தது, அந்த நன்றி உண்டு. ஆனால் ஆயுதங்களின் பலமும் எதிரிகளின் நடத்தையும் மாறிவிடுவதால், மேப் செய்தவர் வைத்த கணக்கு குலைகிறது. முதல்முறை ஆடுபவர் அதில் தொடங்கக் கூடாது.

மவுஸால் மேலும் கீழும் பார்ப்பது, குதிப்பது எல்லாம் ஏமாற்றா?

பழைய மேப்களில் குதிப்பதை அணைத்துவிடுங்கள். தாண்ட முடியாது என்று நினைத்து வைத்த திட்டைத் தாண்டிவிட்டால் பாதி மேப் வீணாகிவிடும். மேலும் கீழும் பார்ப்பது அவ்வளவு கெடுதலில்லை, உயரத்துக்கு ஆட்டமே குறிவைத்துக்கொள்ளும் என்பதால் தேவையும் இல்லை.

இதுவரை ஒன்றுமே ஆடாதவர் எங்கே தொடங்கலாம்?

1993 டூமின் முதல் அத்தியாயம். 2024-ல் வந்த டூம் + டூம் 2 தொகுப்பு இன்றைய கணினியிலும் கன்சோலிலும் சிக்கலில்லாமல் ஓடுகிறது. லெகசி ஆஃப் ரஸ்ட் என்ற புது அத்தியாயமும் அதில் உண்டு. கடினத்தில் நடுவில் இருக்கும் ‘ஹர்ட் மீ பிளென்டி’யை எடுங்கள், ‘நைட்மேர்’ பக்கம் போகாதீர்கள், அங்கே செத்தவர்கள் தாமாகவே எழுந்து வருவார்கள். எப்போதும் ஓடும் வசதியைப் போட்டுவிடுங்கள். அப்புறம் டூம் 2, அதன் மேப்கள் சலித்தால் பாதியில் விட்டுவிட்டு ஸ்கைத் தொகுப்புக்குத் தாவலாம். புது ஆட்டங்களில் 2016-ஐ முடித்துவிட்டு எட்டர்னலுக்குப் போங்கள். தலைகீழாகப் போனால் 2016 மெதுவாகத் தெரியும். டூம் 64-ஐ இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடுங்கள்.